அக்கா பெயரில் மூன்றரை வருடம்

கவரைப்பேட்டை சூசையப்பர் தெருவில், தானியேலின் சின்ன மகள் பிரின்சிக்கு வீட்டில் ஒரு பெயர், கம்பெனியில் ஒரு பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும். ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்குத் தெரியும். பங்குச் சாமியாருக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாரா, டீக்கடையில் கேட்டாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒரே ஆள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை செய்த கம்பெனி. அங்கே அவள் மெர்சி. நிஜமான மெர்சி அவளுடைய அக்கா.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை என்று தெரு சொல்லும். சோம்பேறித்தனம்தான் உண்டு. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் மெர்சிதான் முதலில் வேலைக்குப் போனாள். கம்பெனி நேரடியாக ஆள் எடுக்காது. ஆரணியாறு மேன்பவர் என்ற ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அதன் ஆபீஸ். அங்கே வசந்தகுமார் என்கிற சூப்பர்வைசர் ஏழு தாள்களை நீட்டினான். ஏழும் இங்கிலீஷ். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். மெர்சி பெருக்கலைப் பார்த்தாள், கையெழுத்தைப் போட்டாள். நகல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கீழே ஜெராக்ஸ் கடைதான், ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

பத்தாம் நாள் மெர்சிக்குக் குமட்டல். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு ரப்பர் வாசனை ஆகவில்லை. வண்டிகளின் பிரேக்குக்குள் வைக்கிற ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி அது. வாசனை இல்லாத இடம் அங்கே கேட்டுக்கு வெளியேதான். அவள் நின்றுவிட்டாள். மூன்றாம் நாள் வசந்தகுமார் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

"இன்னாக்கா, இப்பிடிப் பண்ணிட்ட? கம்பெனிக்கு நான் டெய்லி பன்னெண்டு தலை காட்டணும். பதினொண்ணு காட்டினா என் தலைய எட்த்துருவாங்க."

"வாந்தி நிக்க மாட்டேங்குதுப்பா. நான் இன்னா பண்றது?"

"ஊட்ல வேற யாராச்சும் கீறாங்களா?"

பிரின்சி முந்தின வருடம் பிளஸ் டூ முடித்து, பத்தொன்பது வயதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் அவளைப் பார்த்தான், மெர்சியைப் பார்த்தான். கண்ணும் நெற்றியும் ஒரே அச்சு. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம் வேறு. வெளியே தெரிந்ததே மூக்குக்கு மேலேதான்.

"திங்கக்கெழம அக்கா கார்ட போட்டுகினு வேன்ல ஏறிடும்மா. பேர மாத்தணும்னா திரும்ப ஏழு தாள், ஆன்லைன்ல பதிவு, பெரிய பேஜாரு. அப்பால பாத்துக்கலாம்."

அந்த அப்பால மூன்றரை வருடமாக வரவே இல்லை.

பிரின்சி வேலையில் கெட்டி. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே ஒவ்வொரு வளையத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவாள். நல்லவை நிறைந்த தட்டின் அட்டையில் முத்திரை குத்துவாள். பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அவளுடையது நாற்பத்தேழு. லைன் லீடர் திலகவதி, பதினெட்டு வருடம் அங்கே பழந்தின்று கொட்டை போட்டவள், "இந்தப் பொண்ணு கண்ணுல எக்ஸ்ரே கீது" என்று சொல்லுவாள். அவளும் பிரின்சியை மெர்சி என்றுதான் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்து, "பிரின்சி, வரும்போது வெங்காயம் வாங்கியா" என்று அம்மா கத்துவது பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டது. திலகவதி வெங்காய விலையைப் பற்றி மட்டும் பேசினாள்.

அந்த வருடம் அக்டோபரில் மெர்சிக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. கார்டு அவள் பெயரில், ஆள் அவள், பிரசவமும் அவளுடையது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதே அக்டோபரில் ஒரு நாள்கூட லீவு போடாததற்காக கம்பெனி மெர்சிக்கு ஒரு ஹாட்பேக் பரிசு கொடுத்தது. பிரின்சி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைபெற்ற உடம்புக்கு அதில்தான் பத்தியச் சோறு போனது. தெருவே சிரித்தது. பிரின்சியும் சிரித்தாள்.

இந்த ஆகஸ்டில் கேன்டீன் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். மூன்று வருடம் முடித்த கான்ட்ராக்ட் ஆட்களில் பத்துப் பேரை கம்பெனி தன் சொந்த ஊழியர்களாக, நேரடி ரோலில் எடுத்துக்கொள்கிறது. வியாழக்கிழமை எச்.ஆர். அறையில் ஆதாரும் கைரேகையும் சரிபார்ப்பு. நான்காவது பெயர் மெர்சி.

பிரின்சி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பல் நிறச் சட்டை, கம்பெனி ஆளுக்கு நீலம். சட்டையா பெரிசு? சாம்பல் சட்டைக்காரியை ஒரு வாட்ஸ்அப் செய்தியில், "நாளை முதல் வர வேண்டாம்" என்று நிறுத்திவிடலாம். கடைசியில் கைகூப்புகிற பொம்மைப் படம் ஒன்றும் இருக்கும். போன தீபாவளிக்கு முன்னால் பொன்னேரி இளமதிக்கு அப்படித்தான் வந்தது. நீலச் சட்டைக்காரியை நிறுத்தக் காகிதம் வேண்டும், காரணம் வேண்டும், நாள் கொடுக்க வேண்டும். பிரின்சிக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம்தான். காகிதம் அக்காவைத் தேடி வந்திருந்தது.

வீட்டில் மெர்சியின் கணவன் ஸ்டீவன் இதற்கு உடனே தீர்வு சொன்னான். மீஞ்சூர்ப் பக்கம் வெல்டர் வேலை பார்க்கிறான். உலோகத்தை ஒட்டுகிற மாதிரியே எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று நினைப்பவன்.

"இதுல யோசிக்க இன்னா கீது? ஆதார் மெர்சியுது. ரேக மெர்சியுது. அவ போய் வெச்சிட்டு வரட்டும். ஆர்டர் கைக்கு வந்துரும்."

"அப்புறம் யாரு மாமா வேலைக்குப் போறது?" என்றாள் பிரின்சி.

"மெர்சிதான். பையன் பால்வாடிக்குப் போறான், உங்கம்மா பாத்துக்கும். இப்பதான் வாந்தியும் இல்ல."

"அப்ப நானு?"

ஸ்டீவன் தட்டில் இருந்த நெத்திலியைக் கவனமாக முள்ளெடுத்தான். நெத்திலியில் முள்ளெடுக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"உனக்கு இன்னா, சின்ன வயசு. வசந்தகுமார்கிட்ட சொன்னா வேற கம்பெனில போட்டுட்டுப் போறான்."

மெர்சி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அந்த வேல தெரியாதுங்க. பத்து நாள்ல எட்டு நாள் பாத்ரூம்லதான் கீந்தேன்."

"தெரியாட்டி கத்துக்க. பேரு யாருதுன்றதுதான சட்டம்?"

பிரின்சி எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்குத் தேய்த்த தேய்ப்பில் குக்கர் மூடியின் கம்பெனிப் பெயரே போய்விட்டது. அம்மா ரோசம்மாள் இரண்டு மகள்களுக்கும் நடுவில் யார் பக்கமும் பேசவில்லை. பேசாத தாய் என்றால் பெரியவள் பக்கம் என்று தெரு அர்த்தம் பண்ணிக்கொண்டது. அது தெருவின் வழக்கம்.

வியாழக்கிழமை அக்காவும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மெர்சி கல்யாணப் பட்டுக்கு அடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். பிரின்சி சாம்பல் சட்டையில் இருந்தாள். வழியில் மெர்சி கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க கேட்டா இன்னாடி சொல்லணும்?"

"பிரேக் ரப்பர்னு சொல்லு. வெடிப்பு, பிசிறு, நெளிவு. இந்த மூணத்தான் பாக்கணும்."

"வெடிப்பு, பிசிறு, நெளிவு," என்று மெர்சி மனப்பாடம் செய்தாள். புதுவாயல் வருவதற்குள் ஒன்றை மறந்துவிட்டாள்.

எச்.ஆர். மேடம் சந்திரகலா பொன்னேரிக்காரி. வீட்டில் நெல் வயல் உண்டு, அதிர்ந்து பேச மாட்டாள். அவள் மேசைக்கு ஒரு பக்கம் வசந்தகுமார் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்ன அங்கே வேலை என்றால், ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் தனி ஒப்பந்தம் ஒன்று இருந்தது: ஏஜென்சியின் ஆளைக் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டால், தலைக்கு ஒரு மாதச் சம்பளம் ஏஜென்சிக்குக் கட்டணம். பத்துத் தலைக்குப் பத்து. ஆட்களிடம் இதைச் சொல்லுகிற வழக்கம் இல்லை.

மெர்சி உள்ளே போய் உட்கார்ந்தாள். பிரின்சி கதவருகே நின்றாள். வசந்தகுமார் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் மேசைமேல் இருந்த காலண்டரை ஆராயத் தொடங்கினான்.

ஆதார் சரி. கைரேகை சரி. சந்திரகலா கோப்பைப் புரட்டினாள்.

"குழந்தை இருக்கா?"

"ஒரு பையன் மேடம். ஜெரோம்."

"பிறந்த தேதி?"

"இருபத்தொண்ணாம் வருஷம், அக்டோபர் பதினெட்டு."

சந்திரகலா எழுதிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அக்டோபர் பதினெட்டு நீங்க காலை ஷிப்ட். அதுக்கு மேல நாலு மணி நேரம் ஓ.டி. மறுநாளும் காலை ஷிப்ட்." அவள் நிமிர்ந்தாள். "அந்த மாசம் முழு வருகைக்குப் பரிசு வாங்கியிருக்கீங்க."

"ஹாட்பேக்கு மேடம்," என்றாள் மெர்சி, வேறு எதுவும் தோன்றாமல். "நல்லா உழைக்குது."

சந்திரகலா போனை எடுத்து லைன் லீடரைக் கூப்பிட்டாள். திலகவதி வந்தாள். பட்டுப்புடவையைப் பார்த்தாள், சாம்பல் சட்டையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"மெர்சி இவங்களா?"

"பேரு இவங்களுது மேடம். கை அந்தப் பொண்ணுது."

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. பிரின்சி உள்ளே வந்து, வாந்தியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரகலா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். குரல் உயரவில்லை.

"இது ஆள்மாறாட்டம். தெரியுதா? ரெண்டு பேரையும் இன்னையோட அனுப்பணும். வசந்தகுமார், உங்களுக்குத் தெரியுமா இது?"

"அய்யோ மேடம்! இந்தப் பொண்ண நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"ண்ணா," என்றாள் பிரின்சி. "டெய்லி வேன்ல நீதானே தலை எண்ற? போன மாசம் எங்க ஊட்ல நாஷ்டா துன்னுட்டுப் போன."

"நான் ஆயிரம் ஊட்ல துன்றேன்மா. மேடம், எங்க ஏஜென்சி ஒப்பந்தம் போட்டது மெர்சிகூட. இந்தப் பொண்ணுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. எழுதிக்கூடத் தர்றேன்."

மெர்சிக்கு அழுகை வந்துவிட்டது. பிரின்சிக்கு வரவில்லை. ஏழு தாளில் ஒன்றிலும் தன் பெயர் இல்லை என்பது அவளுக்கு மூன்றரை வருடமாகத் தெரியும். ஆனால் மூன்றரை வருடமும் தன் கையில்தான் இருந்தது என்பதும் தெரியும். சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்ப நாப்பத்தேழு முத்திரைய யாரு குத்தினதுன்னு எழுதுவீங்க மேடம்?"

"என்ன?"

"மெர்சி வேலைக்கு வரலன்னா, நானும் ஆளு இல்லன்னா, மூணரை வருஷமா அந்தத் தட்டெல்லாம் யாரும் பாக்காமலே போச்சுன்னு ஆவுதே. பிரேக்குக்குப் போற ரப்பராச்சே."

திலகவதி மெல்ல, ஏதோ வானிலை சொல்லுகிற மாதிரி, சொன்னாள்: "செவ்வாக்கெழம கஸ்டமர் ஆடிட் மேடம். முத்திர நம்பர் வெச்சு ஆளத்தான் மொதல்ல கேப்பாங்க. போன தடவ அவங்களே நிக்க வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, நூத்துக்கு நூறு. பயிற்சி போர்டுல ஒட்டியிருக்கிறது இந்தப் பொண்ணு போட்டோதான்."

சந்திரகலா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே லாரிகள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தன. மோசடி நடந்தது என்று எழுதினால் கம்பெனியின் மூன்றரை வருடப் பொருளுக்குப் பரிசோதகர் இல்லை. பரிசோதகர் இருந்தார் என்று எழுதினால் அந்த ஆள் எதிரில் நிற்கிறாள். வயல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: களையோடு சேர்த்து நாற்றைப் பிடுங்கக் கூடாது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஆளுங்கதான் சரியா பார்க்கலை. அது எங்க தப்பும்தான்," என்றாள். "பிரின்சி, உன் பேர்ல நாங்க எடுத்துக்கலாம். ஆனா உன் பேர்ல ஒரு நாள் வேலைக்குக்கூடக் காகிதம் இல்லை. புது ஆளா, ஒரு வருஷம் பயிற்சியில போடணும். நடுவுல நிறுத்தினாலும் கேட்க முடியாது."

அந்த ஒரு வருடமும் வாட்ஸ்அப்தான் என்று பிரின்சிக்குப் புரிந்தது.

"அனுபவக் கடிதம் இருந்தா?" என்று கேட்டாள் திலகவதி.

"இருந்தா நேராவே ரோல்ல போடலாம். ஆனா அதை ஏஜென்சி கொடுக்கணும். அவர்தான் ஆளே தெரியாதுன்றாரே." சந்திரகலா பட்டியலை எடுத்து மெர்சி பெயரை அடித்தாள். "சரி வசந்தகுமார். ஒன்பது பேருக்குக் கட்டணம் போட்டுடறேன்."

"ஒம்பதா? பத்து மேடம்."

"மெர்சியை எடுக்கலையே."

"இந்தப் பொண்ண எடுக்கறீங்களே?"

"இவங்க உங்க ஆள் இல்லைன்னு இப்போதான் சொன்னீங்க. ரோட்டுல போற ஒரு பொண்ணை நாங்க எடுத்தா உங்களுக்கு எதுக்குக் கட்டணம்?"

வசந்தகுமார் கர்ச்சீப்பை எடுத்தான். ஏ.சி. அறையில் அவனுக்கு மட்டும் வேர்த்தது. அவன் முகத்தில் ஓடிய கணக்கை மெர்சிகூட, கண்ணீரோடேயே, வாசித்துவிட்டாள்.

"அப்பிடி ஒரேயடியா தெரியாதுன்னு இல்ல மேடம்," என்றான் கடைசியில்.

"பின்னே?"

"மூஞ்சி பழக்கம்."

"எத்தனை நாளா?"

"ஒரு... மூணு, மூணரை வருஷமா."

திலகவதி ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள். அந்த இருமல் லைனுக்குப் போய் நான்கு பேரிடம் சொல்லுகிற வரைக்கும் அடங்கவில்லையாம்.

மேசையின் கோடியில் உட்கார்ந்து வசந்தகுமாரே அனுபவக் கடிதம் எழுதினான். "அவ்வப்போது உதவியாக வந்தவர்" என்று முதலில் எழுதினான். பிரின்சி தோளுக்கு மேலே நின்று பார்த்தாள்.

"அவ்வப்போதுன்னா எப்பண்ணா? ஞாயித்துக்கெழமையா?"

அடித்தான்.

"தேதி போடுங்க. இருபத்தொண்ணு பிப்ரவரி பதினஞ்சு, திங்கக்கெழம. பரிசோதகர்னு போடுங்க. முத்திர நம்பரும் போடுங்க."

"நீ இன்னாமா, லாயருக்குப் படிச்சியா?"

"இல்லண்ணா. பிசிறு பாக்கற வேல."

மூன்று தாள் கிழிந்து நான்காவது தேறியது. ஏஜென்சி முத்திரை விழுந்தது. சந்திரகலா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். வருங்கால வைப்பு நிதி அக்கா பெயரில் போனதை மாற்ற ஏஜென்சி தனியாக எழுதித் தர வேண்டும், அதற்கு அலைச்சல் உண்டு, எத்தனை மாதம் ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். பிறகு வசந்தகுமாரிடம், "அப்போ உங்களுக்கு முதல் நாள்ல இருந்தே தெரியும். எழுத்துலயே கொடுத்துட்டீங்க. கட்டணத்தைப் பத்தி அக்கவுண்ட்ஸ்ல பேசுவாங்க," என்றாள். அக்கவுண்ட்ஸில் பேசுகிறவர்கள் எப்போது பேசுவார்கள் என்பது சிப்காட்டுக்கே தெரியும். அவன் போகும்போது கதவை ரொம்ப மெதுவாகச் சாத்தினான்.

பணிநியமன ஒப்பந்தம் மதியம் தயாரானது. ஐந்து பக்கம், தமிழும் இங்கிலீஷும். பெருக்கல் குறி எதுவும் இல்லை. பிரின்சி உட்கார்ந்து படித்தாள். மெர்சி பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு வர்க்கி பிஸ்கட் எடுத்து இரண்டாக உடைத்து, பாதியைத் தங்கை கையில் வைத்தாள்.

"மாமா திட்டுவாருல்ல?" என்றாள் பிரின்சி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திட்டட்டும். வெடிப்பு, நெளிவு, இன்னொண்ணு இன்னாடி? வாய்ல வரவே மாட்டேங்குது. இந்த லட்சணத்துல நான் வேல செஞ்சா எத்தினி வண்டி போய் மோதும்?" மெர்சி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் ஒரு வேல ஓணும்தாண்டி. பொய் சொல்லல. ஆனா இது ஓணாம்."

பிரின்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒன்று நடந்தது என்று சூசையப்பர் தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்னறிவிப்பு எத்தனை நாள் என்ற இடத்தில் பிரின்சி விரலை வைத்தாள். "மேடம், தமிழ்ல ஒரு மாசம்னு கீது. இங்கிலீஷ்ல பதினஞ்சு நாள்னு கீது. எது மேடம்?"

சந்திரகலா வாங்கிப் பார்த்தாள். முந்தின மூன்று பேரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தார்கள். அவள் கணினியில் ஏதோ தட்டினாள். ஒரு மாதம் என்று இரண்டு பக்கமும் மாறி வந்தது. அந்த மூன்று பேருக்கும் சேர்த்து அச்சடித்தாள்.

பிரின்சி ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். நீட்டிவிட்டு, கையைத் திரும்ப எடுக்காமல் நின்றாள்.

"இன்னும் என்ன?"

"எனக்கு ஒண்ணு மேடம். நகலு."

"ஒரிஜினலே தர்றேன். ரெண்டு செட்ல போடு."

அவள் மறுபடி உட்கார்ந்து இன்னொரு ஐந்து பக்கம் போட்டாள். மெர்சி அந்த ஐந்தையும் வாங்கி, மடிப்பு விழாமல், புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பிரின்சி லைனுக்குப் போனாள். ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.